ஆங்கில எதிர்மறைத் தொடர்களில் வினையடையின் இடம்: ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

‘அவர் வேண்டுமென்றே அதைத் தடுக்கவில்லை’ என்னும் தமிழ்த் தொடர் இருபொருள்பட நிற்பது. தடுக்க வேண்டிய ஒருவர் மனமறிந்து தடுக்காமல் விட்டார் என்பது ஒரு பொருள். அவர் தடுத்தது உண்மை. ஆனால் அது தற்செயலாக நேர்ந்தது, உள்நோக்கத்தோடு செய்ததன்று என்பது மற்றொரு பொருள். ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் இத்தொடர் இடம்பெறுமாயின் இவ்விரு பொருள்களுக்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று. ஆங்கிலம் இவ்விரு பொருள்களையும் வினையடை நிற்கும் இடத்தால் வேறுபடுத்துகிறது.

(1) ஹி டெலிபரட்லி டிட் நாட் ஸ்டாப் இட் - மனமறிந்து தடுக்காமல் விட்டார்.

(2) ஹி டிட் நாட் டெலிபரட்லி ஸ்டாப் இட் - தடுத்தார். எனினும் அது திட்டமிட்ட செயலன்று.

சொற்கள் ஒன்றே, வரிசை மட்டும் வேறு. ‘நாட்’ என்னும் எதிர்மறைச் சொல்லுக்கு இடப்புறம் நின்றால் வினையடை எதிர்மறையைத் தன்னுள் அடக்குகிறது. வலப்புறம் நின்றால் எதிர்மறைக்குள் தான் அடங்குகிறது. எனினும், நம் பள்ளிகளில் ஆங்கில வினையடையின் இடம் பெரும்பாலும் ஒரு சொல்வரிசை விதியாகவே கற்பிக்கப்படுகிறது: ‘முதல் துணைவினைக்குப் பின், முதன்மை வினைக்கு முன்’. இவ்விதி எதிர்மறைத் தொடர்களில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இக்கால ஆங்கிலத்தை மட்டும் நோக்கினால் விடை கிடைக்காது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளில் எதிர்மறைச் சொல் வினையோடு ஒட்டியும் பிரிந்தும் மீண்டும் ஒட்டியும் நின்ற வரலாற்றில்தான் விடை உள்ளது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக வரைந்து, அதன் பயனைத் தமிழ் மொழிபெயர்ப்போடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கில எடுத்துக்காட்டுகள் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. பழைய வடிவங்களின் ஒலிப்பு தோராயமானது.

1. வினையை ஒட்டிய ‘நெ’

பழைய ஆங்கிலத்தில் எதிர்மறைக்கு உரிய அடிப்படைச் சொல் ‘நெ’ என்பது. இது முற்றுவினைக்கு உடன் முன்னே நிற்கும். இரண்டுக்கும் இடையே வேறு சொல் புகுவதில்லை. ‘இக் நெ ஸ்ப்ரெகெ’ என்றால் ‘நான் பேசுவதில்லை’ என்பது பொருள். சில வினைகளோடு ‘நெ’ முற்றிலும் கலந்துவிடுவதும் உண்டு. ‘நெ’யும் ‘வொல்டெ’யும் சேர்ந்து ‘நொல்டெ’ (விரும்பவில்லை) எனவும், ‘நெ’யும் ‘வேஸ்’ என்பதும் சேர்ந்து ‘நேஸ்’ (இருக்கவில்லை) எனவும் வரும். இக்கால ஆங்கிலத்தில் வழங்கும் ‘வில்லி-நில்லி’ என்னும் இணைச்சொல், ‘வில்’ என்பதன் இத்தகைய எதிர்மறைக் கலப்பு வடிவத்தின் எச்சமாகும்.

எதிர்மறைச் சொல் ஒரு தொடரில் ஒருமுறைதான் வரவேண்டும் என்னும் கட்டுப்பாடு அன்று இல்லை. ‘ஒருபோதும்’, ‘ஒருவரும்’ போன்ற பொருளுடைய சொற்களும் ‘நெ’யை முன்னொட்டாக ஏற்றே வந்தன. ‘எப்போதும்’ என்னும் பொருளுடைய ‘ஏவ்ரெ’ என்பது ‘நேவ்ரெ’ ஆயிற்று. இன்றைய ‘நெவர்’ இதன் வழிவந்தது. ‘நேவ்ரெ’ வந்த தொடரிலும் வினைக்கு முன் ‘நெ’ வருவது இயல்பாகவே இருந்தது. இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழிக்கவில்லை. ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இங்கு நாம் கருத வேண்டுவது, வினையடைக்கும் எதிர்மறைக்கும் உள்ள இடவுறவு. எதிர்மறை வினையின் ஓர் உறுப்புப் போல் நின்றமையால், வினையடை ‘நெ’க்கும் வினைக்கும் நடுவே புகுந்து எதிர்மறைக்குள் அடங்கியதைக் காட்ட வழியில்லை. அதன் இடத்தைத் தொடரின் பொதுவான சொல்வரிசையே தீர்மானித்தது. மேலும், ‘நெ’யோடு கூடிய வினை தொடரின் தலைப்பில் வருமாயின் எழுவாய் அதற்குப் பின்னே தள்ளப்படும். பிற சொற்கள் தலைப்பில் வரும்போது மாற்றுப்பெயர் எழுவாய் பெரும்பாலும் வினைக்கு முன்னே நின்றுவிடும். தலைப்பு ‘நெ’யின் பின்னோ மாற்றுப்பெயரும் பின்னே சென்றது. எதிர்மறை தலைப்பேற்றால் எழுவாய் இடம்பெயரும் என்னும் இவ்வியல்பு பின்னர் வேறு உருவில் மீண்டும் தோன்றுவதைக் காண்போம்.

2. வினையடையாய்ப் பிறந்த எதிர்மறைச் சொல்

‘நெ’ அழுத்தமற்ற சிறு சொல். அழுத்தமற்ற சொற்கள் ஒலிப்பில் தேய்வது இயல்பு. மறுப்பை வலியுறுத்த விரும்பியோர் அதனோடு மற்றொரு சொல்லைத் துணைக்குச் சேர்த்தனர். அவ்வாறு சேர்ந்தவற்றுள் முதன்மையானது ‘நாவிஹ்ட்’ என்பது. ‘விஹ்ட்’ என்பதற்குப் பொருள், உயிர் என்பன பொருள். ‘எப்பொருளும் இல்லை’ எனப் பொருள்பட்ட இத்தொகைச் சொல், ‘சிறிதும்’, ‘ஒரு சிறிதேனும்’ என்னும் பொருளில் வினையடையாக வழங்கியது. ‘நான் பேசுவதில்லை, சிறிதும்’ என்பது போல வினைக்குப் பின்னே வந்து மறுப்பை வலுப்படுத்திற்று. இச்சொல்லே தேய்ந்து ‘நாட்’ ஆயிற்று. இதன் முழு வடிவிலிருந்து கிளைத்த ‘நாட்’ எனும் எதிர்மறைச் சொல்லும், சுழியைக் குறிக்கும் ‘நாட்’ எனும் நெடிலொலிச் சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ‘ஓர்முலம்’ என்னும் நூலில், வினைக்கு முன் ‘நெ’யும் பின் ‘நாட்’டின் முன்வடிவமும் இணைந்து வரும் அமைப்பு மிகுதியாகக் காணப்படுகிறது. 1400இல் மறைந்த சாசரின் எழுத்தில் ‘நெ’ மட்டும் வருவதும், இரண்டும் வருவதும், ‘நாட்’ மட்டும் வருவதும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ‘நெ’ பொது வழக்கிலிருந்து நீங்கி, ‘நாட்’ ஒன்றே எதிர்மறையைச் சுமக்கலாயிற்று.

டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1917இல் வெளியிட்ட எதிர்மறை பற்றிய நூலில் இவ்வளர்ச்சியைப் படிநிலைகளாகக் காட்டினார். அவர் காட்டிய நெறியைப் பின்பற்றி, ‘பேசு’ என்னும் வினையைக் கொண்டு அதனைப் பின்வருமாறு அமைக்கலாம்.

(3) இக் நெ ஸ்ப்ரெகெ
(4) ஐ நெ ஸ்பெகெ நாட்
(5) ஐ ஸ்பீக் நாட்
(6) ஐ டூ நாட் ஸ்பீக்
(7) ஐ டோன்ட் ஸ்பீக்

இச்சுழற்சிக்கு எஸ்பர்சனின் பெயரையே சூட்டி வழங்கியவர் ஆஸ்டன் டால் (1979). இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சில் ‘காலடி’ எனப் பொருள்பட்ட ‘பா’ என்னும் பெயர், ‘ஓரடியும் நடக்கவில்லை’ என்பது போன்ற வழக்கில் வலியுறுத்த வந்து, பின்னர் எதிர்மறைச் சொல்லாகவே நிலைத்தது. இன்றைய பேச்சுப் பிரெஞ்சில் பழைய ‘நெ’ பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. இன்று நாம் வினையடையின் இடத்தை அளக்கும் அளவுகோலாகக் கொள்ளும் ‘நாட்’, தானே வினையடையாய்ப் பிறந்தது. வினைக்குப் பின் நிற்கும் வினையடைகளின் வரிசையில் ஒன்றாய் நுழைந்து, அவ்வரிசையிலிருந்து விலகி இலக்கண இடைச்சொல்லாய் உயர்ந்தது.

3. பிரிந்த இரு சொற்கள்: ‘நெவர்’, ‘நாட்’

இடைக்கால ஆங்கிலத்தில் முதன்மை வினை வினையடைக்கு முன்னே நிற்கக்கூடும். ‘அவன் முத்தமிட்டான் அடிக்கடி குழந்தையை’ என்பது போன்ற வரிசை அன்று இலக்கணப் பிழையன்று. பிரெஞ்சில் இவ்வரிசை இன்றும் வழங்குகிறது, ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது. இவ்வேறுபாட்டை எமண்ட்ஸ் (1978) சுட்டிக்காட்ட, பொலாக் (1989) அதனை எதிர்மறையோடு இணைத்து விளக்கினார். பிரெஞ்சில் முற்றுவினை தன் இயல்பான இடத்திலிருந்து மேலேறி வினையடையையும் எதிர்மறைச் சொல்லையும் கடந்து நிற்கிறது என்பதும், ஆங்கில முதன்மை வினை அவ்வாறு ஏறும் ஆற்றலை இழந்தது என்பதும் அவர் கொள்கை. வினை விகுதிகளின் தேய்வை இவ்விழப்புக்குக் காரணமாக ராபர்ட்ஸ் (1985) கருதினார்.

இக்கொள்கை முழுமையாகப் பொருந்துமாயின், வினை வினையடையைக் கடக்க இயலாமற் போன அதே காலத்தில் ‘நாட்’டையும் கடக்க இயலாமற் போயிருத்தல் வேண்டும். சான்றுகள் வேறொன்றைக் கூறுகின்றன. எலகார்ட் (1953) தம் பெருந்தொகுப்பில் ‘நெவர்’ வினைக்கு முன் வருவதையும் பின் வருவதையும் தனியே கணக்கிட்டிருந்தார். அக்கணக்கைக் குரோக் (1989) மீளாய்வு செய்தார். அண்மையில் ஹேபர்லி, இசான் ஆகிய இருவரும் (2016) வேறு வினையடைகளையும் சேர்த்து விரிவாக ஆராய்ந்து, வினையடைக்கு முன் வினை நிற்கும் வழக்கு 15ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வேகமாகக் குறைந்தது எனவும், ‘நாட்’டுக்கு முன் வினை நிற்கும் வழக்கோ அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது எனவும் காட்டினர்.

எனவே, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒருவர் தம் பேச்சில் இவ்விரண்டையும் ஒருங்கே ஆண்டிருப்பார்.

(8) ஐ நெவர் ஸ்பீக் - நான் ஒருபோதும் பேசுவதில்லை.

(9) ஐ ஸ்பீக் நாட் - நான் பேசுவதில்லை.

‘நெவர்’, ‘நாட்’ ஆகிய இரண்டும் ‘நெ’யிலிருந்து பிறந்தவை, ஒரு காலத்தில் இரண்டும் வினையடைகளே. ஆயினும் ‘நெவர்’ வினையடையாகவே இருந்து, மற்ற வினையடைகளோடு வினையின் இடப்புறத்தைச் சேர்ந்தது. ‘நாட்’ வினைக்குப் பின்னேயே தங்கிற்று. அது வினையடையாக இல்லாமற் போனதற்கு இவ்விடவேறுபாடே தெளிவான சான்று. பொருளை மட்டும் கொண்டு இவ்விரு சொற்களையும் ஒரே வகுப்பில் அடக்கும் பாடநூல்கள் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. ‘நெவர்’ வரும் தொடருக்கு இன்றும் ‘டூ’ தேவைப்படுவதில்லை என்பதும், ‘நாட்’ வரும் தொடருக்குத் தேவைப்படுகிறது என்பதும் இப்பிரிவின் விளைவுகளே.

4. ‘டூ’ என்னும் துணைவினையின் வருகை

‘டூ’ துணைவினையாக வந்ததன் தோற்றம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பிறவினைப் பொருளில் வழங்கிய ‘டூ’வே பொருள் தேய்ந்து துணைவினையாயிற்று என்பது எலகார்டின் முடிவு. தோற்றம் எதுவாயினும், அதன் பரவல் நன்கு ஆராயப்பட்டுள்ளது. 16ஆம் நூற்றாண்டில் அது வினாத் தொடர்களிலும் எதிர்மறைத் தொடர்களிலும் உயர்ந்து வந்தது. எதிர்மறை வினாக்களில் விரைவாகவும் எதிர்மறைக் கூற்றுகளில் மெதுவாகவும் பரவிற்று. உடன்பாட்டுக் கூற்றுகளில் சிறிதளவு உயர்ந்து, பின் வலியுறுத்தலுக்கு மட்டும் எஞ்சிற்று.

இப்பரவல் நேர்கோட்டில் அமையவில்லை. 16ஆம் நூற்றாண்டின் கடைக்கால் பகுதியில் எதிர்மறைக் கூற்றுகளில் ‘டூ’வின் வீதம் சரிந்தது. வார்னர் (2005) இச்சரிவை நடை வேறுபாட்டோடு இணைத்து விளக்கினார். இலக்கணம் மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே, எது உயர்ந்த நடை, எது எளிய நடை என்னும் மதிப்பீடும் சொல்வரிசையை இழுத்துப் பிடித்தது என்பது இதனால் தெரிகிறது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியம் ‘டூ’ இல்லாத எதிர்மறையைப் பெருமளவில் காத்து நின்றதற்கும் அதன் மரபு சார்ந்த நடையே காரணம். அறிதல், ஐயுறுதல், பொருட்படுத்துதல் ஆகிய பொருளுடைய சில வினைகள் புதிய அமைப்பை நெடுநாள் எதிர்த்தன. ‘ஐ நோ நாட்’ என்னும் வழக்கு 18ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது.

இரண்டு அமைப்புகளுக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் தோன்றி மறைந்தது. ‘ஐ நாட் ஸ்பீக்’ என, துணைவினை இன்றி ‘நாட்’ வினைக்கு முன் வருவது அது. சேக்சுபியரின் நாடகங்களிலும் இதற்கு அருகிய சான்றுகள் உள்ளன. பழைய வரிசையிலிருந்து புதிய வரிசைக்குச் செல்ல மொழி அமைத்துக்கொண்ட பாலமாக இதனை உகாஜி (1992) விளக்கினார். ‘நாட்’ தன் வினையடைப் பிறப்பை நினைவுகூர்ந்து, ‘நெவர்’ சென்ற வழியே செல்ல முயன்று தோற்றது எனவும் இதனைக் கருதலாம்.

‘டூ’ வந்ததன் விளைவு வினையடைக்கு மிகப் பெரிது. ‘ஐ ஸ்பீக் நாட்’ என்ற நிலையில் முதன்மை வினை எதிர்மறைக்கு முன்னே இருந்தது. ‘ஐ டூ நாட் ஸ்பீக்’ என்ற நிலையில் அது எதிர்மறைக்குப் பின்னே சென்றது. துணைவினைக்கு முன், துணைவினைக்கும் ‘நாட்’டுக்கும் இடையே, ‘நாட்’டுக்கும் முதன்மை வினைக்கும் இடையே எனத் தொடரின் நடுவில் மூன்று இடங்கள் அமைந்தன. இவற்றுள் முதலிரண்டு எதிர்மறைக்கு வெளியே. மூன்றாவது எதிர்மறைக்கு உள்ளே. முன்னுரையில் கண்ட (1), (2) ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டைச் சொல்வரிசை இவ்வளவு துல்லியமாகக் காட்டுவதற்கு இவ்வமைப்பே களம் ஆயிற்று.

5. தலைப்பேற்ற எதிர்மறை வினையடை

எதிர்மறை வினையடை தொடரின் தலைப்பில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னே வரும் என்பது நாம் பள்ளியில் கற்ற விதி. ‘நெவர் டிட் ஹி ஸ்பீக்’ என்பது எடுத்துக்காட்டு. பழைய ஆங்கிலத்தில் தலைப்புச் சொல் எதுவாயினும் வினை இரண்டாமிடம் பெறும் போக்கு இருந்தது. அப்போக்கு இடைக்காலத்தின் இறுதியில் தளர்ந்தது. பிற வினையடைகளின் பின் எழுவாய் இடம்பெயர்வது குறைந்துவந்த காலத்தில், எதிர்மறைச் சொற்களின் பின் மட்டும் அது குறையாமல் உறுதிபெற்றது என்பதை நெவலைனன் (1997) கடிதங்களையும் பிற உரைநடைகளையும் கொண்டு நிறுவினார். அழிந்துவந்த ஓர் அமைப்பை மொழி முற்றும் கைவிடாமல், எதிர்மறையைக் குறிக்கும் பணிக்கு மறுபடியும் பயன்படுத்திக்கொண்டது.

இவ்விடமாற்றம் வெறும் அணியன்று. எதிர்மறை தொடர் முழுவதையும் ஆள்கிறது என்பதற்கு அடையாளம். ‘அட் நோ டைம் டிட் ஹி ஸ்பீக்’ என்றால் ‘எக்காலத்தும் அவர் பேசவில்லை’ என்பது பொருள். இங்குத் துணைவினை முன்னே வந்தது. ‘இன் நோ டைம் ஹி ஸ்போக்’ என்றால் ‘நொடிப்பொழுதில் பேசிவிட்டார்’ என்பது பொருள். இங்கு எதிர்மறை அச்சொற்றொடரின் எல்லைக்குள் அடங்கிவிட்டமையால் எழுவாய் அசையவில்லை. தொடர் எதிர்மறையையும் சொல் எதிர்மறையையும் பிரித்தறியும் சோதனைகளைக் கிளைமா (1964) வகுத்தபோது இவ்விடமாற்றமும் அவற்றுள் ஒன்றாக அமைந்தது.

6. சுருங்கிய எதிர்மறை

17ஆம் நூற்றாண்டில் ‘நாட்’ ஒலிப்பில் தேய்ந்து துணைவினையோடு ஒட்டத் தொடங்கிற்று. ‘டோன்ட்’, ‘கான்ட்’, ‘ஷான்ட்’, ‘வோன்ட்’ முதலியன எழுத்திலும் இடம்பெற்றன. 1711இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் எழுதிய அடிசன், இரு சொற்களை ஒன்றாக நெருக்கும் இவ்வழக்கினைக் குறைகூறினார். குறைகூறல் பலிக்கவில்லை.

ஸ்விக்கி, புல்லம் (1983) ஆகிய இருவரும் இவ்வடிவங்களை ஆராய்ந்து, இங்குள்ள எதிர்மறை தனிச்சொல்லின் குறுக்கமன்று, துணைவினை ஏற்கும் விகுதியே என்று வாதிட்டனர். ‘வில்’ என்பது ‘வோன்ட்’ எனவும், ‘ஷல்’ என்பது ‘ஷான்ட்’ எனவும் திரிவது இதற்கு ஆதாரம். வினாத் தொடரில் ‘டஸன்ட் ஹி’ என எதிர்மறையும் துணைவினையோடு சேர்ந்து எழுவாயைத் தாண்டிச் செல்கிறது. ‘நெ’ வினையோடு கலந்து நின்ற பழைய ஆங்கில நிலைக்கு ஒத்த ஒரு நிலையை, வேறு வழியில், மொழி மீண்டும் எய்தியது.

வினையடைக்கு இதனால் ஓர் இடம் அடைபட்டது. துணைவினைக்கும் ‘நாட்’டுக்கும் இடையே இருந்த இடம் இனி இல்லை. ‘பிராபப்ளி’ (‘அநேகமாக’) போன்ற வினையடைகள் எதிர்மறைக்குள் அடங்க இசையாதவை. ஆகவே அவை துணைவினைக்கு முன்னே நகர வேண்டியதாயிற்று.

(10) ஹி வில் பிராபப்ளி கம் - அநேகமாக வருவார்.

(11) ஹி வில் பிராபப்ளி நாட் கம் - அநேகமாக வரமாட்டார்.

(12) ஹி பிராபப்ளி வோன்ட் கம் - அநேகமாக வரமாட்டார்.

‘முதல் துணைவினைக்குப் பின்’ என்னும் பள்ளி விதியை மட்டும் நம்பும் மாணவர் (10)ஐயும் (11)ஐயும் சரியாக எழுதுவார். (12)க்கு மாறாக ‘ஹி வோன்ட் பிராபப்ளி கம்’ என்று எழுதுவார். அவர் விதியை மீறவில்லை. விதியைப் பின்பற்றியே வழுவினார். (12) விதிக்கு விலக்கன்று. எதிர்மறை துணைவினையின் விகுதியாய் ஒட்டிக்கொண்டபின், அதற்கு வெளியே நிற்க விரும்பும் வினையடைக்கு அதுவே எஞ்சிய இடம்.

7. இலக்கண நூலாரும் வழக்கும்

இரண்டு எதிர்மறைகள் சேர்ந்தால் உடன்பாடாகும் என்னும் விதி கிரீன்வுட்டின் இலக்கணத்தில் (1711) இடம்பெற்றது; லௌத்தின் இலக்கணத்தின் வழியாக 1760களில் பெருவழக்காயிற்று. கற்றோர் ஆங்கிலத்திலிருந்து இரட்டை எதிர்மறை நீங்கியதற்கு இவ்விதிகளே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நெவலைனன், ரௌமோலின்-புருன்பர்க் ஆகியோர் (2003) 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான கடிதங்களை ஆராய்ந்து, இலக்கண நூல்கள் தோன்றும் முன்பே அவ்வழக்கு குறைந்துவந்ததைக் காட்டினர். இலக்கணம் வழக்கை உருவாக்கவில்லை. வழக்கின் ஒரு பகுதியைப் பின்தொடர்ந்து சட்டமாக்கியது.

வினையடையின் இட விதிக்கும் இது பொருந்தும். 1795இல் வெளியான லிண்ட்லி மரேயின் இலக்கணம், வினையடை பெயரடைக்கு முன்னும், வினைக்குப் பின்னும், பலவிடங்களில் துணைவினைக்கும் வினைக்கும் இடையேயும் வரும் என்று கூறுகிறது. உடன்பாட்டுத் தொடர்களை நோக்கி எழுந்த விதி இது. எதிர்மறையோடு வினையடை கொள்ளும் உறவு இதில் இடம்பெறவில்லை. மரேயின் நூலும் அதன் வழிநூல்களும் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பள்ளிகளில் ஆட்சி செலுத்தின. நம் வகுப்பறைகளில் வழங்கும் சொல்வரிசை விதியும் இம்மரபைச் சார்ந்தது.

பொருளை நோக்கிய விளக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. கிரீன்பாம் (1969) வினையடைகளைப் பயன்பாட்டு நோக்கில் வகைப்படுத்தினார். ஜாக்கென்டாப் (1972) வினையடையின் இடத்தையும் பொருளையும் இணைத்தார். குவெர்க் முதலிய நால்வர் இயற்றிய பேரிலக்கணம் (1985) எதிர்மறையின் வீச்சு என்னும் கருத்தை விரிவாக எடுத்துரைத்தது. எதிர்மறைச் சொல்லிலிருந்து வலப்புறமாகப் பரவும் ஆட்சியெல்லையே வீச்சு எனப்படும்.

8. தமிழ் நோக்கில் எதிர்மறையின் வீச்சு

தமிழில் எதிர்மறை வினையின் இறுதியில் நிற்பது. ‘செய்யான்’, ‘வாரேன்’ ஆகிய பழைய வடிவங்களில் எதிர்மறை வினையின் உறுப்பே. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலும் திராவிட மொழிகளின் இவ்வெதிர்மறை வினை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ‘செய்யவில்லை’ என்பதில் ‘இல்லை’ வினையெச்சத்தோடு சேர்ந்து முற்றாகிறது. இரு நிலையிலும் வினையடை எதிர்மறைக்கு முன்னேதான் வரும். பின்னே செல்ல இடமில்லை. ஆதலால் ஆங்கிலம் இடத்தால் காட்டுவதைத் தமிழ் இடத்தால் காட்ட இயலாது.

தமிழ்த் தொடரில் வீச்சைப் பெரும்பாலும் வினையின் பொருளே தீர்மானிக்கிறது. ‘வேண்டுமென்றே பதில் எழுதவில்லை’ என்றால், எழுதாமை திட்டமிட்டது என்று கொள்வோம். ‘வேண்டுமென்றே உடைக்கவில்லை’ என்றால், உடைத்தது திட்டமிட்டதன்று என்று கொள்வோம். அமைப்பு ஒன்றே, முன்னதில் வினையடை எதிர்மறைக்கு வெளியே, பின்னதில் உள்ளே. பதில் எழுதுதல் எதிர்பார்க்கப்படும் செயல், உடைத்தல் எதிர்பார்க்கப்படாத செயல் என்னும் உலகறிவு இங்கு இலக்கணத்தின் வேலையைச் செய்கிறது. ‘தடுத்தல்’ போல இருபாலும் பொருந்தும் வினை வரும்போது அவ்வறிவு கைகொடுப்பதில்லை.

ஆனால் தமிழுக்கு வேறு வழி உண்டு. எதிர்மறையின் இடத்தை மாற்ற இயலாவிடினும் எதிர்மறையின் வடிவத்தை மாற்றலாம்.

(13) அவர் வேண்டுமென்றே அதைத் தடுக்காமல் இருந்தார்.

(14) அவர் அதைத் தடுத்தது வேண்டுமென்றே அன்று.

(13)இல் எதிர்மறை வினையெச்சமாகி வினையடைக்குள் அடங்குகிறது; இது (1)க்கு நேர். (14)இல் செயல் தொழிற்பெயராகி, ‘அன்று’ என்னும் எதிர்மறை வினையடையையே மறுக்கிறது. இது (2)க்கு நேர். இவ்வாறே, ‘ஹி டஸன்ட் ஆல்வேஸ் கம்’ என்பதை ‘அவர் எப்போதும் வருவதில்லை’ என்று பெயர்த்தால் ‘ஒருபோதும் வருவதில்லை’ என்ற பொருளுக்கு இடமாகும். ‘அவர் எப்போதும் வருவார் என்பதில்லை’ என்பதே மூலத்துக்கு நேரானது. ஆவணங்களையும் வாக்குமூலங்களையும் மொழிபெயர்ப்போர் ஆங்கில வினையடை ‘நாட்’டுக்கு எப்புறம் நிற்கிறது என்பதை முதலில் நோக்கி, அதற்கேற்பத் தமிழில் ‘-வில்லை’, ‘-ஆமல்’, ‘அன்று’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். ‘-வில்லை’ ஒன்றையே எல்லாவிடத்தும் கையாள்வது இரு பொருளையும் ஒன்றாக்கிவிடும்.

9. முடிவுரை

ஆங்கில எதிர்மறைத் தொடரில் வினையடையின் இடம் ஒரே விதியால் அமைந்ததன்று. மூன்று காலப் படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்தது. முதன்மை வினை வினையடையைக் கடக்கும் ஆற்றலை இழந்தது முதற்படிவு. ‘டூ’ வந்து எதிர்மறைக்கு உள்ளும் புறமும் இடம் வகுத்தது இரண்டாம் படிவு. எதிர்மறை துணைவினையோடு ஒட்டி அவ்விடங்களுள் ஒன்றை அடைத்தது மூன்றாம் படிவு. இம்மூன்றையும் ஒரே சூத்திரத்துள் அடக்க முயல்வதால்தான் பாடநூல் விதி விலக்குகளால் நிறைகிறது.

ஆகவே, ஆங்கிலம் கற்பிப்போர் ‘வினையடை எங்கு வரும்’ என்னும் வினாவோடு நில்லாமல் ‘எதிர்மறை எதை மறுக்கிறது’ என்னும் வினாவையும் மாணவர்முன் வைத்தல் பயன்தரும். அவ்வினாவுக்கு விடை காணும் மாணவர் ஆங்கிலத்தில் வினையடைக்கு உரிய இடத்தையும், தமிழில் எதிர்மறைக்கு உரிய வடிவத்தையும் ஒருங்கே அறிவார்.